மதுவிலக்குக்குத் தேதி குறிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடு தழுவிய மதுவிலக்கு பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் கட்டுரைகளையும் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறோம். ஆதரிப்பவர்கள் சீரழிந்த குடும்பங்களைச் சொல்கிறார்கள். எதிர்ப்பவர்கள் அமெரிக்காவில் அது தோற்ற கதையைச் சொல்கிறார்கள். தடை அமலான மூன்றாம் நாள் மருத்துவமனையில் என்ன நடக்கும், ஆறாம் மாதம் திருட்டுத்தனமாக என்ன விற்கும், ஐந்தாம் ஆண்டு நீதிமன்றத்தில் என்ன குவிந்து கிடக்கும் என்பதைத்தான் யாரும் எழுதவில்லை. குடிநோய் சிகிச்சை, நச்சு மருத்துவம், கலால் ஆய்வகம் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பது மக்கள் முடிவு செய்ய வேண்டியது. வேண்டும் என்று முடிவானால், தேதியை அறிவிக்கும் முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் சட்டத்தை மட்டும் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுவதும் சாட்சி இருக்கிறது.

முதலில், ‘மதுவிலக்கால் எந்தப் பயனும் இல்லை’ என்று அடித்துப் பேசுவது சரியல்ல. அமெரிக்காவில் 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை நாடு தழுவிய தடை இருந்தது. அங்கே குடி அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் தொடக்கத்தில் முன்பிருந்த அளவில் சுமார் 30 விழுக்காட்டுக்கு இறங்கியது, பிறகு மெல்ல ஏறி 60, 70 விழுக்காட்டில் நின்றது என்பது பொருளியல் ஆய்வாளர்களின் மதிப்பீடு. கல்லீரல் சுருக்க நோயால் ஆண்களிடையே ஏற்பட்ட மரணம் 1911இல் ஒரு லட்சத்துக்கு 29.5. அது 1929இல் 10.7. இந்த இறக்கத்தில் ஒரு பகுதி 1920க்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல மாகாணங்கள் அதற்கு முன்பே தனித்தனியாகத் தடை போட்டிருந்தன, நடுவில் உலகப் போரும் வந்தது. தென்னாப்பிரிக்கா 2020இல் கொரோனாவை முன்னிட்டு மது விற்பனையை நிறுத்தியும் திறந்தும் நிறுத்தியும் பார்த்தது. நிறுத்தியபோதெல்லாம் கத்திக்குத்து, விபத்து என்று அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் குறைந்தார்கள், திறந்ததும் கூடினார்கள். இந்த நன்மை உண்மையானது. அதற்குக் கொடுக்கும் விலை யார் தலையில் விழுகிறது, எந்த நாளில் விழுகிறது என்பதுதான் எங்கள் கவலை.

முதல் விலை முதல் நான்கு நாளில் விழுகிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை மதுவின் மந்தத்தை ஈடுகட்டத் தன்னை எப்போதும் முடுக்கியே வைத்திருக்கும். மது திடீரென்று நின்றால் மந்தம் போய்விடும், முடுக்கம் மட்டும் மிஞ்சும். கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு, எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், குரல்கள் கேட்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாளுக்குள் வருவதுதான் மிக மோசமானது: காய்ச்சல், ஏறிய ரத்த அழுத்தம், ஆள் அடையாளமே தெரியாத பிதற்றல். இதைக் கவனிக்காமல் விட்டால் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் இறந்துபோவார்கள் என்று பழைய மருத்துவக் குறிப்புகள் சொல்கின்றன. முறையாகச் சிகிச்சை கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். ஹெராயின் நிறுத்தினால் வேதனை அதிகம், உயிர் போவது அரிது. மதுவை நிறுத்தினால் உயிரே போகலாம். ‘நாலு நாள் கட்டிப்போட்டால் சரியாகிவிடும்’ என்பவர்கள் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள்.

எண்ணிக்கையைப் பாருங்கள். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயதுள்ளவர்களில் சுமார் 2.7 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 2.9 கோடிப் பேர், மதுவுக்கு அடிமையானவர்கள். இவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மட்டுமே வலிப்போ பிதற்றலோ வரும் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் எட்டரை லட்சத்துக்கு மேல். சாதாரண நாட்களில் இவர்கள் ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக வருவார்கள். தடை ஒரே நாளில் அமலானால் ஒரே வாரத்தில் வருவார்கள். 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கில் மே முதல் வாரம் வரை ஏறக்குறைய நாடெங்கும் மதுக்கடைகள் மூடிக் கிடந்தன. இந்தியா தன்னையறியாமல் செய்துபார்த்த தேசிய மதுவிலக்கு அதுதான். பெங்களூரு மருத்துவமனைகளுக்கு வலிப்போடும் பிதற்றலோடும் வந்தவர்கள் கூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கேரளத்தில் தற்கொலைகள் நடந்தன. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மது தரலாம் என்று அம்மாநில அரசு ஆணையிட, மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன, உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மருத்துவர்கள் எதிர்த்தது சரியே, இதற்கு மருந்து மது அல்ல.

மருந்து என்ன என்பது மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூளையின் முடுக்கத்தைத் தணிக்கும் டயசிபாம் அல்லது குளோர்டயசெபாக்சைடு. கல்லீரல் கெட்டவருக்கு லோராசிபாம். நடுக்கமும் வியர்வையும் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டுப் பார்த்து அளவைத் தீர்மானித்து, ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1, ஊசியாக. தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சோர்ந்து வந்து படுப்பவருக்கு வழக்கம்போலக் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றிவிடுகிறார்கள். தயமின் வறண்டுபோன உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மிச்சமிருக்கும் கொஞ்ச தயமினும் செலவாகிவிடும். கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, குழப்பம் வந்து, நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம். முதலில் தயமின், பிறகு குளுக்கோஸ். மாத்திரை போதாது, குடிநோயாளியின் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. மலிவான ஊசி இது. ஆனால் தடை அமலாகும் நாளில் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்பு இருக்க வேண்டும். இன்னொரு சிக்கல், டயசிபாம் வகை மருந்துகளே போதை தருபவை, கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. கைக்கு எட்டாமல் வைத்தால் நோயாளி சாவார். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால் புதிய அடிமைகள் உருவாவார்கள். அன்றன்றைக்குத் தேவையான மருந்தை மட்டும் நேரில் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, ஒரே நாளில் எல்லாவற்றையும் மூடாதீர்கள் என்பது. கடைகளையும் விற்பனை நேரத்தையும் குப்பியின் அளவையும் ஆறு மாதத்தில் படிப்படியாகக் குறைத்து, அந்த ஆறு மாதத்திலும் அடிமையானவர்களைச் சிகிச்சைக்குள் இழுத்துவிட வேண்டும். அரசியல்வாதிகளுக்கு இது பிடிக்காது. ‘இன்று நள்ளிரவு முதல்’ என்று அறிவிப்பதில்தான் அவர்களுக்குப் பெருமை.

இரண்டாவது விலை மெத்தனால், அதாவது மதுவில் உள்ள எத்தனாலைப் போலவே தோன்றும் நச்சு ஆல்கஹால். இதைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகளிலேயே தவறுகள் இருக்கின்றன என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். ஊறல் போட்டுக் காய்ச்சும்போது முதலில் வடிவதுதான் விஷம், காய்ச்சத் தெரியாதவன் அதைக் கலந்துவிடுவதால் சாவு நேர்கிறது என்று எழுதுகிறார்கள். சர்க்கரையோ வெல்லமோ புளித்தால் மெத்தனால் ஏறக்குறைய உண்டாவதே இல்லை. பழக்கூழில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளிலிருந்து கொஞ்சம் வரும், ஊர் முழுக்கச் சாகும் அளவுக்கு வராது. கொத்துக்கொத்தாக ஆட்கள் சாகும்போது அந்த மெத்தனால் தொழிற்சாலைப் பீப்பாயிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். பெயின்ட், தின்னர், பிளைவுட் பசை, மருந்து மூலப்பொருள் என்று அதற்கு ஆயிரம் நேர்மையான உபயோகம் உண்டு. அது கசிந்து வெளியே வருகிறது. எரிசாராயம் என்று ஏமாந்து வாங்குபவனும் உண்டு, மலிவு என்று தெரிந்தே கலப்பவனும் உண்டு. நிறம், மணம், சுவை எதிலும் பெரிய வேறுபாடு இல்லை. கொளுத்திப் பார்த்து, நீலமாக எரிந்தால் நல்ல சாராயம் என்று சொல்வார்கள். அதை நம்பவே கூடாது. இரண்டுமே நீலமாக எரியும், கலந்திருந்தால் யாராலும் சொல்ல முடியாது. உறுதி செய்ய, கலவையைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராஃபி போன்ற ஆய்வகச் சோதனை வேண்டும்.

பத்து மில்லிலிட்டர் கண்ணைப் பறித்ததும் முப்பது மில்லிலிட்டர் உயிரைப் பறித்ததும் மருத்துவப் பதிவுகளில் உண்டு. ஆளுக்கு நூறு மில்லிலிட்டர் தேவை என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இருநூறு லிட்டர் பீப்பாய் ஒன்று வழிதவறினால் இரண்டாயிரம் பேருக்கான சாவு அதில் இருக்கிறது. 2022 ஜூலையில் குஜராத்தின் போட்டாட் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது, ரசாயனக் கிடங்கிலிருந்து கைமாறிய மெத்தனாலால். அங்கே மதுவிலக்கு உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இங்கே கடைகள் திறந்துதான் இருந்தன. எனவே மதுவிலக்குதான் விஷச்சாராயத்துக்குக் காரணம் என்று சொல்ல மாட்டோம். கடைக்குப் போகக் காசில்லாதவர் இருக்கும் இடத்திலெல்லாம் இந்தச் சந்தை உண்டு. தடை வந்தால் காசுள்ளவரும் அதே வரிசையில் வந்து நிற்பார், அவ்வளவுதான். அரசு முத்திரையிட்ட குப்பியே இல்லாத நாட்டில் எந்தக் குப்பிக்கும் உத்தரவாதம் கிடையாது.

மெத்தனால் வேலை செய்யும் விதத்திலேயே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. குடித்ததும் சாதாரண போதைதான். கல்லீரல் அதைப் பார்மால்டிஹைடாக்கி, பிறகு பார்மிக் அமிலமாக்கும். கொல்வது அந்த அமிலம். அது சேர பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் ஆகும். நல்ல சாராயமும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும், ஏனென்றால் கல்லீரல் முதலில் எத்தனாலைத்தான் கவனிக்கும். குடித்தவர் வீட்டுக்கு வந்து தூங்கி, மறுநாள் வயிற்றுவலி, வாந்தி என்று எழுவார். போதை தெளியவில்லை என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். பிறகு பார்வை மங்கும். எதிரே எல்லாமே வெள்ளைப் பனியாகத் தெரிகிறது என்பார்கள். மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்கும். அதற்குப் பிறகு நேரம் மிகக் குறைவு. ஆகவே ஒருவர் இறந்தார் என்ற தகவல் வந்தவுடன், அதே இடத்தில் குடித்த மற்ற அனைவரையும் வீடு வீடாகப் போய்த் தேடிக் கொண்டுவர வேண்டும். ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லை’ என்பவர்தான் முக்கியம்; அவரைத்தான் முழுதாகக் காப்பாற்ற முடியும்.

இதற்கான மாற்று மருந்துகளில் ஒன்று எத்தனால். ஆம், மதுவேதான். ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற அளவில் எத்தனாலை வைத்திருந்தால் கல்லீரல் அதிலேயே மும்முரமாகிவிடும், மெத்தனால் அமிலமாக மாறாமல் அப்படியே கிடக்கும், டயாலிசிஸ் வைத்து வெளியே எடுத்துவிடலாம். போமெபிசோல் என்ற மருந்து இன்னும் மேலானது. எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று முதல் ஊசி போட வேண்டும். ஆனால் விலை அதிகம், பெரும்பாலான மருத்துவமனைகளில் இருக்காது. டயாலிசிஸ் ஓடும்போது எத்தனாலும் சேர்ந்து வெளியே போய்விடும் என்பதால் அந்த நேரத்தில் அளவைக் கூட்ட வேண்டும். அவசரத்தில் மறந்துவிடும் விஷயம் இது. அமிலத்தை முறிக்க சோடியம் பைகார்பனேட், பார்மிக் அமிலம் உடைய உதவுவதற்குப் போலினிக் அமிலம். இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. மதுவிலக்குச் சட்டத்தின் வரைவில் மருத்துவமனைகள் தூய எத்தனாலை வாங்கவும் இருப்பு வைக்கவும் நோயாளிக்குக் கொடுக்கவும் தெளிவான விலக்கு இல்லையென்றால், உயிர் காக்கும் மருந்துக்கு மருத்துவர் உரிமம் கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருப்பார்.

இதோடு சேர்ந்ததுதான் தொழிற்சாலை எத்தனால். மதுவைத் தடை செய்த நாட்டிலும் கிருமிநாசினிக்கு, மருந்துக்கு, வாசனைத் திரவியத்துக்கு, பெட்ரோலில் கலக்க எத்தனால் வேண்டும். யாரும் குடிக்காதிருக்க அதில் எதையாவது கலந்து கெடுப்பார்கள். எதைக் கலப்பது என்பதுதான் கேள்வி. அமெரிக்க அரசு 1926-27இல் திருட்டைத் தடுக்க மெத்தனால் அளவைக் கூட்டியது. திருடியவர்கள் அரைகுறையாகச் சுத்தம் செய்து விற்றார்கள், குடித்தவர்கள் செத்தார்கள். நியூயார்க் நகரின் தலைமைப் பிரேதப் பரிசோதனை அதிகாரி சார்லஸ் நாரிஸ் அரசே விஷம் வைக்கிறது என்று பகிரங்கமாகக் கண்டித்தார். இன்று அந்தக் கொடுமைக்கு அவசியமே இல்லை. டினேட்டோனியம் பென்சோயேட் என்றொரு கசப்புப் பொருள் இருக்கிறது. பத்து லட்சத்தில் சில பங்கு சேர்த்தாலே வாயில் வைக்க முடியாது, அந்த அளவில் ஆளைக் கொல்லாது. குடிக்க முடியாததாக ஆக்குவதும் குடித்தால் சாகும்படி ஆக்குவதும் வேறு வேறு. எத்தனாலைக் கெடுக்கும் பட்டியலிலிருந்து மெத்தனாலை நீக்கிவிட்டு, மெத்தனால் டாங்கருக்கும் பீப்பாய்க்கும் வரிசை எண், வாங்கியவர், பயன்படுத்திய அளவு, மிச்சம் என்று மாதக் கணக்கு கேட்பது இதற்குத் தீர்வு. ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை என்றால் பதினோரு மாதம் கழித்துத்தான் பீப்பாய் காணாமல் போனது தெரியும். ஊரடங்கின்போது ஆந்திரத்தின் குறிச்சேடுவில் கை கழுவும் சானிடைசரைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததையும் மறந்துவிட வேண்டாம். மருந்துக்கடையில் யாரும் கேட்டு வாங்கும் பொருள் அது.

ஓட்டை எங்கே விட்டாலும் சந்தை அதில் நுழையும். அமெரிக்கச் சட்டம் மருத்துவர் சீட்டுக்குப் பத்து நாளைக்கு ஒரு பைன்ட், ஏறக்குறைய 473 மில்லிலிட்டர், மது அனுமதித்தது. சீட்டு எழுதுவதே ஒரு தொழிலானது. இஞ்சிச் சாறு என்ற பெயரில் எழுபது, எண்பது விழுக்காடு ஆல்கஹால் உள்ள ‘மருந்து’ ஒன்று விற்றது. குடிக்க முடியாதபடி அதில் இஞ்சிச் சத்து கெட்டியாக இருக்க வேண்டும் என்பது விதி. அதிகாரிகள் செய்த சோதனை, சாற்றைக் காய்ச்சி வற்ற வைத்து அடியில் தங்கும் பொருளை எடை போடுவது. விற்றவர்கள் இஞ்சியைக் குறைத்து எடைக்கு வேறு பொருள்களைப் போட்டார்கள். 1930இல் பாஸ்டனில் ஒரு கூட்டம் அதற்குத் தேர்ந்தெடுத்தது பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் ஒரு பாஸ்பேட் எண்ணெய். சோதனையில் தேறிவிட்டது. அது நரம்புக்கு நஞ்சு என்பது பிறகுதான் தெரிந்தது. பல்லாயிரம் பேருக்குக் கால் விளங்காமல் போனது. சோதனை எதை அளக்கிறதோ அதை மட்டும் சரிசெய்து கொடுப்பான் கள்ள வியாபாரி என்பதை ஆய்வகங்கள் மறக்கக் கூடாது.

தடைக்குப் பின் குடிக்கும் பண்டமும் மாறும். கடத்துபவனுக்கு ஒரு லாரி பீர் கொண்டுவருவதும் ஒரு கேன் எரிசாராயம் கொண்டுவருவதும் ஒரே ஆபத்துதான், லாபம் ஒன்றல்ல. ஆகவே பீரும் ஒயினும் மறைந்து, காரமான சரக்கு மட்டும் வரும். பின்லாந்தில் 1919 முதல் 1932 வரை தடை இருந்தபோது எஸ்டோனியாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் தகரக் கேன்களில் வந்தது தூய சாராயம்தான். கடத்தலைத் தடுக்க 1925இல் ஹெல்சிங்கியில் பன்னாட்டு ஒப்பந்தமே போட வேண்டியிருந்தது. கடைசியில் பொது வாக்கெடுப்பு நடத்தி, சுமார் எழுபது விழுக்காடு எதிர்ப்போடு தடை நீங்கியது. கடை திறந்த நேரம் 5.4.32 காலை 10 மணி. 5, 4, 3, 2, 1, 0 என்று பின்லாந்துக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

உள்நாட்டு உற்பத்திக்கு ஆலை வேண்டாம். சர்க்கரை, தண்ணீர், ஈஸ்ட் போதும். ஒரு லிட்டரில் 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு விழுக்காடு ஆல்கஹால். சோவியத் ஒன்றியத்தில் 1985இல் கொர்பச்சோவ் மது உற்பத்தியைக் கடுமையாகக் குறைத்தபோது ஆண்களின் சராசரி ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே சுமார் மூன்று ஆண்டு உயர்ந்தது. இது பெரிய சாதனை. ஆனால் கடைகளில் சர்க்கரை கிடைக்காமல் போய், அதற்கு ரேஷன் வந்தது. கள்ள உற்பத்தியைக் கணக்கிட வேண்டும் என்றால் போலீஸ் பிடித்த லிட்டரைப் பார்க்காதீர்கள், மாவட்டவாரியாகச் சர்க்கரை, வெல்லம், ஈஸ்ட் விற்பனையைப் பாருங்கள்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 1914இல் ரஷ்யா போர் தொடங்கியதும் ஓட்காவைத் தடை செய்தது. அரசு வருவாயில் கால்பங்குக்கு மேல் அதோடு போனது. அமெரிக்கா தடை போட முடிந்ததற்கு 1913இல் வந்த வருமான வரி ஒரு காரணம். 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்த வரி வற்றியபோது தடையும் நீங்கியது. மாற்று வருவாய் எது என்று பெயர் சொல்லாத மதுவிலக்கை அடுத்த நிதி நெருக்கடி விழுங்கிவிடும். வெளிநாட்டு நெருக்கடியும் உண்டு. ஐஸ்லாந்து 1915இல் தடை போட்டது. எங்கள் ஒயினை வாங்காவிட்டால் உங்கள் மீனை வாங்க மாட்டோம் என்றது ஸ்பெயின். 1922இல் ஒயினுக்கு வழிவிட்டார்கள். 1935இல் மற்ற மதுவும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், பீருக்கு மட்டும் 1989 மார்ச் 1 வரை தடை நீடித்தது. நார்வேயும் இதே போன்ற ஒயின்-மீன் நெருக்கடியில் சிக்கி, 1927க்குள் தன் தடையைக் கைவிட்டது.

சட்டத்தில் யாரைத் தண்டிப்பது என்பது அடுத்தது. அமெரிக்கா தயாரிப்பையும் விற்பனையையும் கடத்தலையும் தடுத்தது, குடிப்பதைக் குற்றமாக்கவில்லை. பீகார் 2016 ஏப்ரலில் குடிப்பதையும் குற்றமாக்கியது. ஜாமீன் மனுக்கள் குவிந்து பாட்னா உயர் நீதிமன்றம் திணறியது உச்ச நீதிமன்றம் வரை பேசப்பட்டது. 2018இலும் 2022இலும் சட்டத்தைத் தளர்த்தினார்கள். முதன்முறை பிடிபட்டவர் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்றானது. குடித்தவரைச் சிறையில் போட்டால் இரண்டு கேடு. ஒன்று, மேலே சொன்ன நடுக்கமும் வலிப்பும் சிறை அறையில் வரும், அங்கே தயமினும் இராது டயசிபாமும் இராது. மற்றது அதைவிடப் பெரியது: விஷச்சாராயம் குடித்தவர் வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்கு வரமாட்டார். கண் மங்கும் வரை வீட்டிலேயே கிடப்பார்.

இந்தியாவில் இதைச் சட்டமாக்கும் வழியும் நேரானதல்ல. அரசமைப்பின் 47ஆம் பிரிவு மதுவிலக்கைக் குறிக்கோளாகச் சொன்னாலும், மது மாநிலப் பட்டியலின் 8ஆம் இனம். தொழிற்சாலைச் சாராயமும் அதற்குள் அடங்கும் என்று 2024 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்திருக்கிறது. பட்டியலை மாற்றி மத்திய அரசு எடுத்துக்கொள்வதானால் குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். மாநிலங்கள் தனித்தனியே தடை போட்டால் பக்கத்து மாநிலமே கடையாகிவிடும். ஆந்திரம் 1995இலும் ஹரியானா 1996இலும் கொண்டுவந்த தடைகள் இரண்டே ஆண்டில் தளர்ந்தன. நாடு தழுவிய தடைக்கு உள்ள ஒரே பெரிய அனுகூலம் இந்த உள்நாட்டு எல்லைக் கடத்தல் ஒழிவது. நாட்டின் வெளி எல்லையும் கடற்கரையும் அப்படியே இருக்கும்.

ஆகவே சட்டத்தின் முதல் அத்தியாயத்திலேயே இதை எழுதுங்கள்: குடித்த காரணத்தால் சிகிச்சைக்கு வருபவர் மீதோ அழைத்து வருபவர் மீதோ வழக்கு இல்லை. மருத்துவர் நோயாளியின் பெயரைக் காவல்துறைக்குத் தர வேண்டியதில்லை. எங்கே வாங்கியது, எப்போது குடித்தது, எத்தனை பேர் சேர்ந்து குடித்தது என்ற மூன்றை மட்டும் உடனே சுகாதாரத் துறைக்குச் சொன்னால் போதும். மீதமுள்ள சாராயத்தைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். ஆய்வகத்துக்கு அந்த மாதிரிதான் முதல் தடயம். அதை நிரம்பிய கண்ணாடிக் குப்பியில் இறுக மூடிக் குளிரில் அனுப்ப வேண்டும். மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்துவிடும் பொருள். பாதி நிறைந்த, சரியாக மூடாத பிளாஸ்டிக் பாட்டிலில் வெயிலில் வந்தால் அளவு குறைந்து காட்டும், வழக்கு அங்கேயே தோற்றுவிடும்.

கடைசியாக, அளவுகோல். தடை பலித்ததா என்பதைப் பிடிபட்ட குப்பிகளையும் கைதானவர்களையும் எண்ணிச் சொல்வது வழக்கம். கெடுபிடி கூடினால் அந்த எண் கூடும், தளர்ந்தால் குறையும், குடி எவ்வளவு என்பது அதில் தெரியாது. மாவட்டந்தோறும் கல்லீரல் சுருக்க மரணம், இரவு நேர விபத்துக் காயம், பெண்கள் அடிபட்டு வரும் எண்ணிக்கை, குடியை நிறுத்தியதால் வரும் வலிப்பு, மெத்தனால் நஞ்சு, டயசிபாம் வகை மருந்து விற்பனை ஆகிய ஆறையும் மாதாமாதம் வெளியிட வேண்டும். தடைக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கும் இதே கணக்கை இப்போதே தொகுத்துவிட வேண்டும். தடை வந்த பிறகு பழைய பதிவேடுகளைத் தேடினால் ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கும், ஒப்பிடவே முடியாது.

இப்படிக்கு,
குடிநோய் சிகிச்சை, நச்சு மருத்துவம், கலால் ஆய்வகத் துறைகளைச் சேர்ந்த வாசகர்கள் சிலர்